உபதேசியாராகாத பிள்ளைகள்

சென்ற இதழில் குருநகரின் ஓரத்தில் 1850இல் கத்தோலிக்கர் தொடங்கிய ஆண்கள் பாடசாலையின் பிறப்பைப் பார்த்தோம். அது 1881இல் பத்திரிசியாரின் பெயரைப் பெற்று, இன்றும் மணியடித்துக்கொண்டிருக்கிறது. குருநகர் அந்நாளில் கரையூர். அங்கே அந்தப் பள்ளிக்கூடம் ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தபோது, வடமேற்கே ஏழு கட்டை தூரத்தில் முப்பத்திரண்டு வயதான இன்னொரு பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். பணமில்லாமல் அல்ல. பிள்ளைகள் வராமலும் அல்ல. படித்த பிள்ளைகள் நடத்தியவர்கள் நினைத்த வழியில் போகவில்லை, அதனால் பூட்டினார்கள்.

அதுதான் வட்டுக்கோட்டைச் செமினறி. வெள்ளைக்காரர் வாயில் வட்டுக்கோட்டை ‘பற்றிக்கோட்டா’ ஆகிவிட்டதால், ஆங்கில ஏடுகளில் அது பற்றிக்கோட்டா செமினறி. தொடங்கியது 1823. மூடியது 1855.

கதை 1816இல் ஆரம்பிக்கிறது. அந்த ஆண்டு அமெரிக்க மிசனறிமார் சிலர் கொழும்பில் இறங்கி யாழ்ப்பாணம் வந்தார்கள். அவர்களை அனுப்பிய சங்கத்தின் தலைமையகம் பொஸ்ரன் நகரில் இருந்தது. இந்தியாவில் கால் வைக்க அமெரிக்கருக்குக் கிழக்கிந்தியக் கம்பனி எளிதில் இடம் கொடாத காலம் அது. இலங்கைத் தேசாதிபதி பிரவுண்ரிக் இடம் கொடுத்தார். கொழும்பில் வேறு மிசன்கள் இருந்தபடியால் இவர்களை வடக்கே அனுப்பினார். டானியல் பூவரும் எட்வேட் வாரனும் தெல்லிப்பழைக்குப் போனார்கள். பெஞ்சமின் மெய்க்ஸும் ஜேம்ஸ் றிச்சட்ஸும் வட்டுக்கோட்டைக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது, பறங்கியர் இட்ட அத்திவாரத்தில் ஒல்லாந்தர் எழுப்பிய பழைய கோயில். கூரை போய்விட்டது, முருகைக்கல்லில் கட்டிய பருத்த சுவர்கள் மட்டும் நின்றன.

கூரை போடுவது எளிதாக இருந்தது. பிள்ளை பிடிப்பதுதான் பெரும்பாடு.

ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். அரிவரி படித்துவிட்டு வீட்டுக்கு ஓடினார்கள். மிசனறிமார் விரும்பியதோ பிள்ளைகளைத் தங்கள் வளவிலேயே தங்கவைத்து, உணவும் உடையும் கொடுத்துப் படிப்பிப்பது. படிக்கத் தடையில்லை, சாப்பிட முடியாது என்றார்கள் பெற்றோர். வெள்ளாளப் பிள்ளை கிறிஸ்தவர் வளவில் சமைத்த சோற்றைத் தின்றால் நாளை அவனுக்குப் பெண் கொடுப்பது யார்? மிசனறிமார் இறங்கிவந்தார்கள். பக்கத்துச் சைவர் ஒருவரின் காணியில் குசினி போட்டுச் சைவரையே சமைக்க வைத்தார்கள். பிள்ளை மிசன் வளவில் படித்துவிட்டு, வேலி தாண்டிப் போய்ச் சாப்பிட்டு வந்தான். இந்த ஏற்பாடு கொஞ்சக் காலத்துக்குத்தான். ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் ஊருக்கும் இடையிலான உறவு எப்படி இருக்கப்போகிறது என்பதை இந்த வேலி அப்போதே காட்டிவிட்டது. ஊர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். வேண்டாததை வேலிக்கு அப்பால் வைத்துவிடும்.

தங்கிப் படித்த பிள்ளைகளுக்கு ஒரு புதினமான பெயர்மாற்றம் நடந்தது. அமெரிக்காவில் யாராவது ஒருவர் பணம் கட்டி ஒரு பிள்ளையைப் படிப்பித்தால், அவர் விரும்பிய பெயர் அந்தப் பிள்ளைக்கு வந்துவிடும். அமெரிக்க ஊர்களின் போதகர்களும் வணிகர்களும் இப்படித்தான் யாழ்ப்பாணத்து ஓலைகளில் ஏறினார்கள். ஆனல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை, எவாட்ஸ் கனகசபைப்பிள்ளை என்று தமிழ் இலக்கிய வரலாற்றில் வரும் பாதி ஆங்கிலப் பெயர்களின் பின்னணி இதுதான். 1841 ஜனவரி 7ஆம் தேதி வெளிவந்த ‘உதயதாரகை’ப் பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மாட்டினும் சேத் பேசனும். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர் என்று எண்ணக்கூடாது. இருவரும் செமினறியில் படித்த தமிழர்.

1823இல் மிசனறிமார் ஒரு பெரிய திட்டத்தை அச்சிட்டு வெளியிட்டார்கள். தமிழருக்கென ஒரு கல்லூரி. ஆங்கிலமும் மேலைத்தேயச் சாத்திரங்களும் இருக்கும். கூடவே இலக்கியத் தமிழும் சமஸ்கிருதமும் இருக்கும். பட்டம் கொடுக்கும் தரத்துக்கு அதை உயர்த்த வேண்டும் என்பது ஆசை. மதராசிலும் கல்கத்தாவிலும் பல்கலைக்கழகம் வர இன்னும் முப்பத்துநான்கு ஆண்டுகள் இருந்தன. பல ஊர்களில் தங்கிப் படித்த பெரிய வகுப்புப் பையன்களைப் பொறுக்கி வட்டுக்கோட்டையில் ஒன்றுசேர்த்தார்கள். டானியல் பூவர் தலைவரானார். நீதியரசர் சேர் றிச்சட் ஒற்லி ஆதரவு கொடுத்தார். அவர் பெயரைத் தாங்கிய ‘ஒற்லி மண்டபம்’ இன்றும் அந்த வளவில் நிற்கிறது.

பிரவுண்ரிக்குக்குப் பின் அதிகாரத்துக்கு வந்த எட்வேட் பான்ஸுக்கு அமெரிக்கர் பெருகுவதே பிடிக்கவில்லை. 1820இல் அச்சுக்கூடம் நடத்த வந்த ஜேம்ஸ் கரட்டை நாட்டைவிட்டுப் போகச் சொல்லியாயிற்று. புதிய அமெரிக்க மிசனறிமாருக்கும் கதவு அடைத்தாயிற்று. ஆங்கிலேயர் ஆளும் தீவில் அமெரிக்கர் கல்லூரி நடத்தி, அரசரின் சாசனமும் கேட்டால் கிடைக்குமா? கிடைக்கவில்லை. ‘கல்லூரி’ என்ற பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு, ‘செமினறி’ என்ற அடக்கமான பெயரோடு நடத்தினார்கள். பெயர் சிறுத்தது, பாடத்திட்டம் சிறுக்கவில்லை.

பாடத்திட்டத்தில் வானியலுக்குத் தனியிடம். அதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் நல்ல நாள், கெட்ட நாள், விரதம், கிரகணம் எல்லாம் பஞ்சாங்கத்தின்படி. பஞ்சாங்கத்தின் கணக்கில் பிழை காட்டினால் அதன்மேல் எழுந்து நிற்கும் நம்பிக்கையும் ஆடும் என்பது பூவரின் எண்ணம். வாய்ப்பு 1829இல் வந்தது. அவ்வாண்டு மார்ச் 20ஆம் தேதி சந்திர கிரகணம். பஞ்சாங்கம் கணித்தவர் அராலி விசுவநாத சாஸ்திரியார். அரசாங்கமே மதித்த பெரிய கணிதர், வட்டுக்கோட்டைக்கு அயலூர்க்காரர். பூவர் தாமும் கணக்குப் போட்டார். பிடிக்கும் நேரம், நீடிக்கும் நேரம், மறைக்கும் அளவு மூன்றிலும் சாஸ்திரியாரின் கணக்குப் பிசகு என்று முன்கூட்டியே அறிவித்தார். மாணவரும் ஊராரும் வானத்தைப் பார்த்தார்கள். பூவரின் கணக்கே சரிவந்தது.

செமினறிக்குள் இது பெரிய வெற்றியாகப் பேசப்பட்டது. அதனால் ஊர் கிறிஸ்தவத்துக்கு மாறிவிட்டதா என்றால், இல்லை. சாஸ்திரிமார் பஞ்சாங்கம் கணித்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஊர் கண்டுகொண்டது வேறு: இந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்!

பூவர் 1830களின் நடுப்பகுதியில் மதுரைக்குப் போனார். அவரிடத்துக்கு ஹென்றி ஹொய்சிங்ரன் வந்தார். அவரும் வானியல் பித்தர். ஆனால் அவர் போன பாதை வேறு. பிழை காட்டுவதற்காக இந்துக்களின் வானியலைப் படிக்கத் தொடங்கியவர் அதிலேயே ஆழ்ந்துபோனார். அது பற்றிய நூல் ஒன்றை 1848இல் மிசன் அச்சுக்கூடத்திலேயே வெளியிட்டார். அதோடும் நிற்கவில்லை. சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக் கட்டளை மூன்றையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவை 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தன. சைவத்தை வெல்லக் கடல் கடந்து வந்த ஒருவர்தான் சைவ சித்தாந்தத்தின் மூலநூல்களை அமெரிக்கருக்கு முதலில் கொண்டுபோய்க் காட்டியவர். ஊர் மட்டுமன்றி ஆசிரியரும் திட்டத்தின் கோட்டைத் தாண்டினார் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளர் எமர்சன் ரெனன்ற் 1840களின் பிற்பகுதியில் வந்து பார்த்தார். தமிழ்ப் பிள்ளைகள் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் சொன்ன விடைகள் அவரை அசத்தின. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு வைத்து எண்ணத்தக்கது இது என்ற கருத்தை 1850இல் வந்த தம் நூலில் எழுதினார்.

ரெனன்ற் பாராட்டிய அதே பிள்ளைகள்தான் பொஸ்ரனுக்குத் தலைவலி ஆனார்கள்.

இதன் முடிச்சு 1833இல் விழுந்தது. கோல்புறூக், கமரன் என்ற இரு ஆணையாளர் இலங்கையின் ஆட்சிமுறையை ஆராய்ந்து கொடுத்த பரிந்துரைகள் அவ்வாண்டு நடைமுறைக்கு வந்தன. ஆட்சியின் மொழி ஆங்கிலம் என்று உறுதியாயிற்று. ஆங்கிலம் தெரிந்த உள்ளூராருக்கு அரசாங்க உத்தியோகத்தின் கதவு திறந்தது. கச்சேரிக்கு இலிகிதர் வேண்டும். நீதிமன்றத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நில அளவைக்கும் தெருப் போடுவதற்கும் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும். மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது கணக்கப்பிள்ளைமாருக்கும் தேவை வந்தது. கிணற்றுத் தண்ணீரை இறைத்துப் புகையிலை வளர்த்த யாழ்ப்பாணத்தானுக்கு மாதச் சம்பளம் எப்படித் தோன்றியிருக்கும்! ‘கோழி மேய்த்தாலும் கொறணமேந்தில மேய்க்க வேணும்’ என்ற பேச்சின் வேர் இந்தக் காலத்து மண்ணில்தான் இருக்கிறது.

சோற்றுக்கு வேலி போட்ட பெற்றோர் இப்போது தாங்களே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். முந்தி மிசன் காசு கொடுத்துப் படிப்பித்தது. பிந்தி காசு கட்டிப் படிக்கவும் ஆட்கள் வந்தார்கள். ஆனால் கிறிஸ்தவ சபையில் சேர்ந்தவர்களின் தொகை தேய்ந்துகொண்டு வந்தது. கடைசி ஆண்டுகளில் மாணவருள் சபை அங்கத்தவர் சிறுபான்மையே. முப்பத்திரண்டு ஆண்டுகளில் அறுநூறுக்கு மேற்பட்டோர் அங்கே படித்தார்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தபோது, மிசன் வேலையில் நின்றவர்களைவிட அரசாங்கச் சம்பளம் வாங்கியவர்கள் கூடுதலாக இருந்தார்கள். ஊர் ஊராய்ச் சுவிசேஷம் சொல்லும் உபதேசியார்மாரை உண்டாக்கக் கட்டிய பட்டறையில் உத்தியோகத்தரும் ஆசிரியரும் பத்திரிகைக்காரரும் உருவாகிக்கொண்டிருந்தார்கள்.

பொஸ்ரனில் மிசன் சங்கத்தின் வெளிநாட்டுச் செயலாளராக இருந்தவர் றூவஸ் அன்டர்சன். அவருடைய கொள்கை தெளிவானது. மிசனின் வேலை ஆங்கிலேய நாகரிகத்தைப் பரப்புவதல்ல. சுதேசிகள் தாமே நடத்தி, தாமே தாங்கி, தாமே பரப்பும் சபைகளை உருவாக்குவது. அதற்கு ஊர் மக்களின் மொழியில் படித்த, ஊரோடு ஒட்டி வாழும் போதகர்கள் போதும். ஆங்கிலம் படித்தவனோ ஊரில் தரிக்கமாட்டான். இன்று கேட்டால் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்ளத் தோன்றும் வாதம்தான். தாய்மொழிக் கல்விக்காகப் பேசியவர் அமெரிக்கர். ஆங்கிலம் வேண்டும் என்று நின்றவர்கள் தமிழ்ப் பெற்றோர். எது தங்களை உயர்த்தும் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்பதில்தான் பிணக்கு.

1855 துக்கத்தோடு பிறந்தது. மதுரையிலிருந்து திரும்பி யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்த டானியல் பூவரை, பெப்ரவரி 3ஆம் தேதி மானிப்பாயில் வாந்திபேதி கொண்டுபோயிற்று. யாழ்ப்பாணத்துக்கு வந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன. இந்தியாவிலும் இலங்கையிலும் மிசன் நிலையங்களைப் பார்வையிட்டு வந்த அன்டர்சனும் அவருடைய துணைவர் ஒகஸ்ரஸ் தொம்சனும் அதே ஆண்டு யாழ்ப்பாணத்தில் இறங்கினார்கள். மிசனறிமாரோடு கூடிப் பேசினார்கள். ஆங்கிலக் கல்வி குறைய வேண்டும், தமிழ்வழிப் பயிற்சி கூட வேண்டும் என்று முடிவாயிற்று. அவ்வாண்டிலேயே செமினறி நிறுத்தப்பட்டது. தொடங்கியவரும் அவர் தொடங்கிய பள்ளிக்கூடமும் ஒரே ஆண்டில் போனார்கள்.

பள்ளிக்கூடம் போய்விட்டது. பிள்ளைகள்?

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அவ்வாண்டே நடந்த முதலாவது பி. ஏ. பரீட்சையில் தேறியவர்கள் இரண்டே பேர்: சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர், இருவரும் மூடப்பட்ட செமினறியில் படித்தவர்கள். பட்டம் கொடுக்கும் உரிமை கேட்டுக் கிடைக்காத பள்ளிக்கூடத்துக்கு, கதவு சாத்தி இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, கடல் கடந்து இரண்டு பட்டங்கள் வந்தன.

சிறுப்பிட்டியில் 1832இல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த தாமோதரம்பிள்ளை பின்பு சைவரானார். தமிழ்நாட்டில் உயர்ந்த உத்தியோகங்கள் பார்த்தார். புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். ஓய்வு நேரமெல்லாம் ஏட்டுச் சுவடிகளோடு கழிந்தது. 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனார் அகப்பொருள், 1885இல் நச்சினார்க்கினியர் உரையோடு தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என்று அச்சேற்றினார். சங்க இலக்கியம் அச்சுக்கு வந்த கதையில் அவர் பெயரைத் தவிர்த்து எழுத முடியாது. மேலைத்தேய முறையில் பயின்ற கண் செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கியது. கிரகணக் கணக்கில் பிழை பிடிக்கப் பழக்கிய வகுப்பறை பாடபேதம் பிடிக்கவும் உதவியிருக்கும் என்று எண்ணுவது மிகையாகாது.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. ஆனல்ட் சதாசிவம்பிள்ளை ‘உதயதாரகை’யை நெடுங்காலம் நடத்தினார், 1886இல் தமிழ்ப் புலவர் வரலாறான ‘பாவலர் சரித்திர தீபக’த்தைத் தந்தார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தருக்கத்தைத் தமிழில் எழுதினார். நீதித்துறையில் உயர்ந்த வைமன் கதிரைவேற்பிள்ளை தொகுத்த அகராதியை மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. 1862இல் வந்த அமெரிக்க மிசனறி வின்சிலோவின் தமிழ் ஆங்கில அகராதி அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. யாழ்ப்பாணத்து மிசன் வளவுகளில் பல பேர் பல ஆண்டுகள் சேர்த்த சொற்குவியல்தான் அதன் அடித்தளம். தமிழால் ஊழியம் நடக்க வேண்டும் என்று சொல்லி மூடிய பள்ளிக்கூடத்தின் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் தமிழுக்குச் செய்தவை இவை.

செமினறியின் பிற்காலத் தலைவர்களில் ஒருவரான சைரஸ் மில்ஸின் கதையையும் இங்கே சொல்லிவிடலாம். உடல்நலம் கெட்டு, மனைவி சூசனோடு அமெரிக்கா திரும்பியவர் அவர். பின்னர் கலிபோர்ணியாவில் ஒரு பெண்கள் பாடசாலையை வாங்கி 1871இல் ஓக்லன்ட் நகருக்குக் கொண்டுவந்தார்கள். அதுவே புகழ்பெற்ற மில்ஸ் கல்லூரி. அந்தக் கல்லூரியும் 2022இல் தனித்து இயங்குவதை நிறுத்தி, நோத்ஈஸ்ரேண் பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்டது. வட்டுக்கோட்டையில் பூட்டு விழுந்தபோது வந்த பழைய மாணவரின் கோபத்தை, நூற்றறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் ஓக்லன்டிலும் கேட்க முடிந்தது.

அந்தக் கோபம் வட்டுக்கோட்டையில் வெறும் புறுபுறுப்பாக நிற்கவில்லை. பூட்டிய மறுவருடமே, 1856இல், செமினறியின் பழைய மாணவர் றொபேட் பிறெக்கின்றிட்ஜ் வட்டுக்கோட்டையில் ஓர் ஆங்கில உயர்தரப் பாடசாலையைத் தொடங்கினார். இவரும் அமெரிக்கப் பெயர் சுமந்த தமிழர்தான். மிசன் கைவிட்டதை ஊர் கையில் எடுத்தது. பிள்ளைகளுக்கு எந்த மொழியில் என்ன படிப்பிப்பது என்பதைப் பொஸ்ரனைக் கேட்காமல் தீர்மானித்த பள்ளிக்கூடம் அது.

அதுவும் போதாதென்று பழைய மாணவர்கள் 1860களின் பிற்பகுதியில் கூட்டம் கூடினார்கள், கல்லூரி வேண்டும் என்றார்கள், பணம் திரட்டினார்கள். அப்புக்காத்து எவாட்ஸ் கனகசபைப்பிள்ளை போன்றவர்கள் முன்னின்றார்கள். 1872 ஜூலையில் அதே வட்டுக்கோட்டை வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது. முதல் அதிபர் அமெரிக்க மிசனறி ஈ. பி. ஹேஸ்ரிங்ஸ். ஆனால் நிலைமை முந்தியதுபோல் இல்லை. கல்லூரியைக் கேட்டவர்களும் அதற்குக் கைகொடுத்தவர்களும் தமிழர். மிசனறி அவர்களோடு சேர்ந்து நடத்தினார். 1823இல் ஒதுக்கி வைத்த ‘கல்லூரி’ என்ற சொல் நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து வாசலில் ஏறியது. 1891இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைப்பும் கிடைத்தது.

இந்தக் கதையில் கரையூருக்கு இடம் எங்கே என்று குருநகர் வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. செமினறியின் வகுப்புகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் வலிகாமத்து வெள்ளாளக் குடும்பங்களின் பிள்ளைகள். கடற்றொழில் செய்த கரையூரின் கத்தோலிக்கப் பிள்ளைக்கு அந்த ஏழு கட்டையும் சமயத்தால் ஒருமுறை, சாதியால் ஒருமுறை நீண்டு கிடந்தன. அவனுக்கான ஆங்கில வகுப்பு ஊரோரத்திலேயே திறக்க 1850 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது, விஞ்ஞான பீடத்துக்கு உடனே இடம் தேவைப்பட்டது. ஆய்வுகூடமும் வகுப்பறையும் ஆயத்தமாக இருந்த இடம் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு. விஞ்ஞான மாணவர் சில ஆண்டுகள் அங்கே படித்துவிட்டுத் திருநெல்வேலிக்குப் போனார்கள். திருநெல்வேலியில் பல்கலைக்கழகம் அமர்ந்த வளவும் வெறும் நிலமல்ல. 1921இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி, பல்கலைக்கழகத்துக்கு வழிவிட்டுத் தன் வகுப்புகளை மூடிய இடம் அது. அந்தக் கதை அடுத்த இதழில்.